சக்கரத்துக்குள்ளேயே சஸ்பென்ஷனா? என் ஷாக் ஃபோர்க் பட்ட பாடு

நண்பர் ஒருவர் வீடியோ அனுப்பி, "இந்தச் சக்கரம் வாங்கிப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார். இங்கிலாந்துக்காரர் சாம் பியர்ஸின் லூப்வீல்ஸ் அது. ஸ்போக் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கார்பன் வளையங்கள். பள்ளம் வந்தால் அவை நசுங்கி நிமிரும். 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, 20 அங்குலச் சக்கரம் கொண்ட மடக்கு சைக்கிள்களுக்காகக் கொண்டுவந்தார்கள். நான் அதை ஓட்டியதில்லை. ஆனால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஷாக் (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்) வைத்த 26 அங்குல சைக்கிளைச் சென்னையில் வருஷக்கணக்காக மிதிக்கிறேன். போன வாரம்தான் அந்த ஷாக்கைப் பிரித்துச் சரிசெய்து வாங்கிவந்தேன். கொஞ்சம் சூடாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷாக் அமுங்குவதில் குறையே இல்லை. மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடுகள் மேல் ஏறி இறங்கினால் நன்றாகத்தான் உள்வாங்குகிறது. திரும்பி வருவதில்தான் வில்லங்கம். உள்ளே வெறும் சுருள் ஸ்பிரிங். வேகத்தைத் தணிக்க எண்ணெய் எதுவும் கிடையாது. வாங்கிய அடியை அப்படியே "டக்" என்று கைக்குத் திருப்பித் தருகிறது. ஸ்பீடு பிரேக்கர் அடுத்தடுத்து மூன்று வந்தால், மூன்றாவதில் நான் ஹேண்டில்பாரைப் பிடிக்கவில்லை, அது என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேளச்சேரி மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தால் முன்பக்கம் தலையாட்டுகிறது. காலில் போடும் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்குக்குக் கப்பம். மேலே இருக்கும் திருகைத் திருப்பினால் ஸ்பிரிங்கின் முன்அழுத்தம்தான் மாறும், ஆட்டம் நிற்காது. அப்புறம் கடற்காற்றும் மழைத் தண்ணீரும் சேர்ந்து உள்குழாயில் துரு. "இதுக்குத் தனியா பார்ட்ஸ் வராது தம்பி, அடுத்த தடவை முழுசா மாத்திடுங்க" என்றார் கடைக்கார அண்ணன். பில் மட்டும் முழுசாக வந்தது.

இனி நண்பரின் சக்கரம். யோசனை அழகானது, அதை மறுக்க முடியாது. அடி வாங்குவது ரிம்மும் டயரும் மட்டும். அச்சு முதல் நாம் வரை எல்லாம் ஸ்பிரிங்குக்கு மேலே. பெரிய சக்கரங்களுக்கு ஃபோர்க்கே இல்லாத சக்கர நாற்காலிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை, அதற்கும் அவர்கள் செய்தார்கள். ஆனால் நம் தெரு சைக்கிள்கள் பலவற்றில் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக். அச்சை விட்டு ரிம் மேலும் கீழும் நகர்ந்தால் பிரேக் கட்டை எதைப் பிடிக்கும்? டிஸ்க்கோ ஹப் பிரேக்கோ இருந்தால்தான் பேச்சே. கோட்டம் எடுக்க ஸ்போக்கை முறுக்கிப் பழகிய கை, கார்பன் வளையத்தை என்ன செய்யும்? தணிப்பு எண்ணெய் அதிலும் இல்லை. கார்பனின் துள்ளல் என் மலிவு ஸ்பிரிங் அளவுக்கு மோசமாக இருக்காதுதான், ஆனால் என் மணிக்கட்டுக்கு இந்த விஷயத்தில் நம்பிக்கை போய்விட்டது.

சக்கரத்துக்குள் சஸ்பென்ஷன் 1888லேயே வந்தாயிற்று. பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குப் போட்ட காற்று டயர்தான் அது. ரிம்முக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொண்டு 1.95 அங்குல அகல டயரைக் கழற்றி 2.1 அங்குல டயர் போட்டேன். காற்றை 40 பிஎஸ்ஐக்கு இறக்கினேன், அது டயரில் அச்சிட்ட எல்லைக்குள்தான். சின்னச் சின்ன அதிர்வெல்லாம் காணாமல் போனது. இதற்கான செலவு, ஷாக் ரிப்பேர் பில்லுக்குப் பக்கத்தில்கூட வராது.

அப்படியானால் ஷாக்கைக் கழற்றி சாதா ஃபோர்க் போட வேண்டியதுதானே என்பீர்கள். மாட்டேன். ராத்திரியில் தெருவிளக்கில்லாத குழியில் முன்சக்கரம் விழும்போது இந்தச் சனியன்தான் காப்பாற்றுகிறது. நண்பருக்கு மட்டும் பதில் போட்டுவிட்டேன்: சக்கரம் வேண்டாம், டயரை மாற்றுங்கள், காற்றை அளவுக்கு மீறி அடிக்காதீர்கள்.