கோப்பர்னிகஸ் பிரவுசர்: உங்கள் வயலை நீங்களும் பாருங்கள்

பயிர் நிலவரத்தைச் செயற்கைக்கோள் படத்தில் காட்டுகிறோம், சந்தா கட்டுங்கள் என்று நிறையச் செயலிகள் வந்துவிட்டன. அவற்றில் பலவும் காட்டுவது எங்கோ தனியாக எடுத்த ரகசியப் படம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிகஸ் என்ற புவி கண்காணிப்புத் திட்டத்துக்காகச் சுற்றும் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்களைத்தான் எடுத்து, நிறம் பூசிக் கொடுக்கிறார்கள். அந்த மூலப் படங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். பார்க்கும் தளத்துக்குப் பெயர்தான் கோப்பர்னிகஸ் பிரவுசர். பெயரில் பிரவுசர் என்று இருந்தாலும் அது ஒரு இணையதளம்தான், எதையும் நிறுவ வேண்டியதில்லை, இலவசமாக ஒரு கணக்கு மட்டும் திறந்துகொள்ளுங்கள். எங்கள் வயலைக் கவனிக்க இதை வழக்கமாகவே பயன்படுத்துகிறேன். ஓர் ஏக்கருக்கு மேல் ஒரே பயிர் வைத்திருக்கும் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டியது இது என்பது என் முடிவு. ஆனால் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு பழக வேண்டும், இல்லாவிட்டால் கலர் படம் பார்த்துப் பயந்து தேவையில்லாத மருந்தை அடித்துக்கொண்டிருப்போம்.

முதலில் அந்தப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இலையில் உள்ள பச்சையம் சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலையின் உள் அமைப்பு பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். ஆரோக்கியமான அடர்ந்த பயிரில் இந்த இரண்டு ஒளியும் திரும்பி வரும் அளவில் உள்ள இடைவெளி பெரிதாக இருக்கும், வாடிய பயிரில் குறையும், வெறும் மண்ணில் ரொம்பவே குறைவு. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் என்டிவிஐ என்று எல்லாச் செயலியிலும் வரும் எண். வெறும் மண் 0.1, 0.2 என்று நிற்கும், நன்றாக மூடிய பயிர் 0.8-ஐத் தாண்டும், தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். இவ்வளவுதான் கணக்கு. இதில் நோயின் பெயரோ பூச்சியின் பெயரோ எங்கும் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போதாமல் வாடினாலும், தழைச்சத்து குறைந்து வெளுத்தாலும், வேர் அழுகினாலும், ஆடு புகுந்து மேய்ந்தாலும் எண் இறங்கத்தான் செய்யும்.

எந்த இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் படம் சொல்லும். அது சின்ன விஷயம் இல்லை. சொட்டுநீர் போட்ட எங்கள் வயலின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டை மட்டும் மற்ற இடத்தைவிட வெளிறித் தெரிந்தது, அடுத்தடுத்த படங்களிலும் அதே பட்டை, அதே இடம். வரப்பில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் இருந்தது. தண்ணீர் பார்க்கும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பட்டைக்குள் நடந்து, செடி வரிசையோடு ஓடும் லேட்டரல் குழாயின் கடைசி மூடியைக் கழற்றினோம். பழுப்பாகச் சேறு கலந்த தண்ணீர் வந்தது, அதுவும் அழுத்தமே இல்லாமல் கசிந்தது. துளிப்பானில் பாதி வெள்ளையாக உப்புக் கட்டி அடைத்திருந்தது. "முன்னாடி இருக்கிற செடிக்கெல்லாம் தண்ணி போகுது தம்பி, கடைசிக்குத்தான் வந்து சேரல" என்றார். குழாயை அலசி, பில்டரைக் கழுவி விட்டோம். பயிர் வாடித் தலை சாய்ந்த பிறகு தெரியவேண்டிய விஷயம் அதற்கு முன்பே தெரிந்தது. எனக்கு இந்தத் தளத்தின் மேல் நம்பிக்கை வந்தது இதனால்தான்: வயலுக்குள் எங்கே நடப்பது என்பதை அது சுருக்கிக் கொடுக்கிறது, மீதி வேலை கண்ணுக்கும் கைக்கும் உரியது.

செயல்படும் விதம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்டினல்-2 வரிசையில் முதல் செயற்கைக்கோள் 2015-லும் இரண்டாவது 2017-லும் மூன்றாவது 2024-லும் ஏவப்பட்டன. இரண்டு கோள் சேர்ந்து சுற்றும்போது ஒரே இடத்தை 5 நாளுக்கு ஒரு முறை படம் பிடிக்கும். தளத்தில் எல்1சி, எல்2ஏ என்று இரண்டு வகை இருக்கும், காற்றில் உள்ள தூசு, ஈரம் முதலியவற்றின் பாதிப்பைக் கழித்துத் தருவது எல்2ஏ, அதையே எடுங்கள். உங்கள் வயலின் எல்லையை வரைந்து சேமித்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம். இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், ஒரு பருவத்தின் படங்களை வரிசையாக ஓடவிட்டும் பார்க்கலாம். இது ஆராய்ச்சியாளர்களுக்காகக் கட்டிய இடம் என்பதால் பி04, பி08 என்று ஒளிப் பட்டைகளின் (கேமரா தனித்தனியாகப் பதியும் ஒளி வகைகளின்) பெயர்கள் வந்து மிரட்டும். பி04 சிவப்பு, பி08 அண்மை அகச்சிவப்பு, இந்த இரண்டும் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். கைபேசியைவிடக் கணினியில் பார்ப்பது சுகம்.

மேகம்தான் பெரிய தலைவலி. இந்தக் கோளின் கேமராவுக்கு மேகத்தைத் தாண்டித் தெரியாது, மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஒரு நல்ல படம்கூடக் கிடைக்காமல் போகலாம், அதாவது பயிருக்கு அவசரம் என்கிற நேரத்தில்தான் இது கைவிடும். ஒரு விஷயம் தெரிந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். மேகம் இத்தனை சதவீதம் என்று தளம் காட்டுவது உங்கள் வயலுக்கு இல்லை, சுமார் 110 கிலோமீட்டர் நீளமும் அகலமும் உள்ள ஒரு பெரிய கட்டத்துக்கு. அதனால் 60 சதவீதம் மேகம் என்று போட்டிருக்கும் நாளிலும் உங்கள் வயலுக்கு மேல் வானம் சுத்தமாக இருக்கலாம், 10 சதவீதம் என்று போட்ட நாளில் அந்தப் பத்தும் உங்கள் தலைக்கு மேலேயே நிற்கலாம். மேக வடிகட்டியை இறுக்கி வைக்காமல் எல்லாத் தேதியையும் திறந்து கண்ணால் பாருங்கள். அப்புறம், என்டிவிஐ பார்ப்பதற்கு முன் அதே தேதியின் சாதாரண வண்ணப் படத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், மேகத்தின் நிழல் விழுந்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இந்த நிழல் விஷயத்தில்தான் காசு கொடுத்து வாங்கிய ஒரு செயலி மேல் எனக்கு வருத்தம். பெயர் வேண்டாம். வயலின் ஒரு மூலையில் பயிர் பாதிப்பு என்று சிவப்பு எச்சரிக்கை அனுப்பினார்கள், கூடவே எந்த உரம் போடலாம் என்று ஒரு பரிந்துரை. எந்தத் தேதிப் படம் என்று செயலியில் எங்கேயும் இல்லை. கோப்பர்னிகஸில் போய்த் தேதி தேதியாகத் தேடிப் பார்த்தால், அந்த மூலையில் விழுந்திருந்தது மேக நிழல், அடுத்த படத்தில் அதே மூலை தளதளவென்று இருந்தது. கேட்டதற்கு, எங்கள் கணிப்பு முறை அப்படி என்று பதில் வந்தது. படத்தின் தேதியை மறைத்துவிட்டு அறிவுரையை மட்டும் விற்பது நியாயமே இல்லை, அந்த உரத்துக்குப் பணம் போடப்போவது விவசாயி.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். நம் நிலத்தை வானத்திலிருந்து பார்க்கிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விவசாய மானியம் வாங்கும் நிலங்களை 2023 முதல் சென்டினல் படங்களை வைத்துத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். அதே 2023-ல் அவர்கள் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டம் அங்கே விற்கப்படும் காப்பி, கோகோ, பாமாயில், ரப்பர், சோயா, மரம், மாடு என்று எல்லாவற்றையும் பிடிக்கிறது: 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த பொருளாக இருக்கக் கூடாது, விளைந்த நிலம் எது என்று இடக்குறிப்போடு காட்ட வேண்டும், மாடு தவிர மற்றவற்றுக்கு நிலம் 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லையையே வரைந்து கொடுக்க வேண்டும். அமலாகும் தேதியைத் தள்ளிப்போட்டாலும் போகும் திசை மாறவில்லை. ஜி20 நாடுகள் 2011-ல் தொடங்கிய ஜியோகிளாம் என்ற பயிர்க் கண்காணிப்புத் திட்டம் உலக அளவில் விளைச்சல் நிலவரத்தை இப்படித்தான் கவனிக்கிறது. காப்பீட்டு நிறுவனம் பார்க்கிறது, தானிய வியாபாரி பார்க்கிறார், கடன் கொடுக்கிறவர் பார்க்கிறார். விளைச்சல் குறையும் என்று வாங்குகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்து, விற்கிறவருக்குத் தெரியாமல் இருந்தால் பேரம் எந்தப் பக்கம் சாயும்? இழப்பீடு கேட்டுப் போகிற விவசாயி, "உங்கள் படத்தில் எப்படியோ இருக்கட்டும், எங்கள் வயல் இந்தத் தேதியில் தண்ணீருக்குள் நின்றது, அதே கோள் எடுத்த படம் இதோ" என்று காட்ட முடிந்தால் பேச்சே வேறு. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் ஒரு காலத்தில் காசுக்கு விற்றவை, 2008-ல் இலவசமாகத் திறந்துவிட்ட பிறகுதான் பயன்பாடு பெருகியது. சென்டினல் முதல் நாளிலிருந்தே திறந்த தரவு. பொதுப் பணத்தில் எடுத்த படம் எல்லோருக்கும் கிடைக்கிறது, அதை நாம் திறந்து பார்க்காமல் விடுவது நமக்குத்தான் நஷ்டம்.

வெள்ளத்துக்கு சென்டினல்-1 படத்தையும் சேர்த்துப் பாருங்கள். அது ரேடார், மேகத்தைத் துளைத்து இரவிலும் எடுக்கும், தேங்கிய தண்ணீர் கறுப்பாகத் தெரியும். பச்சைத்தன்மையைக் காட்டாது, படமும் பொரிபொரியாக இருக்கும், பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

யாருக்கு ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். சென்டினல்-2-இன் மிக நுணுக்கமான ஒளிப் பட்டைகளிலேயே படத்தின் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஓர் ஏக்கர் நிலத்துக்கு 40 புள்ளிதான் விழும், அதில் ஓரத்துப் புள்ளிகளில் வரப்பும் பாதையும் பக்கத்து நிலமும் கலந்துவிடும், அவற்றைக் கழித்தால் நம்பத்தக்கது பாதிகூட மிஞ்சாது. அரை ஏக்கர், கால் ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு நடந்து பார்ப்பதே மேல். ஊடுபயிர் போட்ட நிலத்திலும், மரத்துக்கடியில் பயிர் வைத்த இடத்திலும் எந்தப் பச்சை எதனுடையது என்று பிரிக்க முடியாது. இடைவெளி விட்டு நட்ட இளந்தோப்பில் களை மண்டினால் எண் ஏறி நல்ல செய்தி போலக் காட்டும். பயிர் நன்றாக மூடிக்கொண்ட பிறகு என்டிவிஐ உச்சத்தில் போய் நின்றுவிடும், அதற்கு மேல் வரும் வித்தியாசம் தெரியாது, அப்போது சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் இடையில் உள்ள சிவப்பு விளிம்புப் பட்டையை (பி05) வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம், ஆனால் அதன் புள்ளி 20 மீட்டர்.

அப்படியென்றால் சந்தாச் செயலியே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன், நேரமில்லாதவர்களுக்கும் பல இடங்களில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் எச்சரிக்கை தானாக வருவது உதவிதான். வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒவ்வொரு படத்துக்கும் தேதி காட்டுவீர்களா, மேகமும் நிழலும் விழுந்த இடத்தைத் தனியாகக் குறிப்பீர்களா, நான் சந்தாவை நிறுத்தினால் என் வயல் எல்லையையும் பழைய பதிவுகளையும் எடுத்துக்கொண்டு போகலாமா. மூன்றுக்கும் தெளிவாக ஆமாம் என்று எழுத்தில் தராதவர்களிடம் பணம் கட்ட வேண்டாம்.