கயோட்டி வேட்டைக்கு 3–9 ஸ்கோப்பா, 6–24 ஸ்கோப்பா?

அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் நரி போன்ற காட்டு விலங்கான கயோட்டியை வேட்டையாடுபவர்கள், அடிபட்ட முயல் அலறுவதைப் போல ஊதி அதை வரவழைப்பார்கள். துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கியே ஸ்கோப்; 3–9 என்றால் உருவத்தை 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும். புதரிலிருந்து ஐம்பது அறுபது கஜத்தில் திடீரென வெளிப்படும் விலங்கைக் கண் உடனே பிடிக்க, 3 மடங்கில், நூறு கஜத் தொலைவில் சுமார் 33 அடி அகலம் காட்டும் 3–9 ஸ்கோப்பே ஏற்றது. 6–24 ஸ்கோப்போ தன் குறைந்த மடங்கிலேயே ஏறத்தாழ அதில் பாதியைத்தான் காட்டும். 24-இல் வைத்து மறந்துவிட்டால் ரோமமும் புல்லும் மட்டுமே தெரியும்.

வெளிச்சத்தையும் கணக்கிட வேண்டும். முகப்பு வில்லையின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும்: 40 மி.மீ. வில்லைக்கு 9 மடங்கில் 4.4 மி.மீ.; 50 மி.மீ. வில்லைக்கு 24 மடங்கில் 2.1 மி.மீ. மட்டுமே. கயோட்டிகள் நடமாடும் விடியலிலும் அந்தியிலும் இந்த வேறுபாடு பெரிது.

அமெரிக்க மாநிலமான தெற்கு டகோட்டாவில், முழ உயரம்கூட இல்லாத பிரெய்ரி நாய் என்ற அணில் இனக் கொறித்துண்ணியை 300 கஜத்தில், துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுடுபவருக்கு 6–24 ஸ்கோப்பே தேவை. நண்பகல் கானல் நடுங்கும்போது அவரும் 12-க்கு இறக்குவார்.

ஒன்றுதான் வாங்க இயலுமென்றால் நான் 3–9-ஐயே சொல்வேன், ஏனெனில் அவசரத்தில் குறி தப்பினால் விலங்கு காயத்தோடு ஓடித் துன்புறும்.