உறுத்தாத கண்ணுக்கு எந்தச் சொட்டு?

கண்புரை ஆபரேஷன் முடிந்த சர்க்கரை நோயாளிகளுக்குக் கண் உலராமல் இருக்க டாக்டர் எழுதித் தரும் சொட்டு மருந்து, கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. திறந்தபின் ஒரு மாதம் வரை வைத்து ஊற்றும் புட்டி ஒன்று. முனையைத் திருகி ஊற்றிவிட்டு எறியும் சின்னக் குப்பி இன்னொன்று. உள்ளே இருப்பது இரண்டிலும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸோ சோடியம் ஹையலுரோனேட்டோதான். புட்டிக்குள் கிருமி வளராமலிருக்கச் சேர்க்கும் பதனப்பொருள்தான் வித்தியாசம்.

ஊட்டியை அடுத்த எமரால்டு பக்கம் கேரட் தோட்டத்தில் உழைத்த என் அம்மாவுக்குப் பல வருஷமாகச் சுகர். டிசம்பரில் கோயம்புத்தூரில் வலது கண் ஆபரேஷன் நடந்தது. விலை குறைவு, அவரே ஊற்றிக்கொள்வார் என்று நான் புட்டியைத்தான் வாங்கினேன். மூன்றாவது வாரம், "எனக்கு ஒண்ணும் பண்ணலை சாமி, எதுக்கு இன்னும் மருந்து?" என்றார். நானும் விட்டுவிட்டேன். மறுபரிசோதனையில் ஆரஞ்சுச் சாயத் தாளைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார் டாக்டர். கருவிழியெங்கும் பச்சைப் புள்ளிகள். மேல்தோல் அங்கங்கே உரிந்திருந்தது. அம்மாவுக்கு அது தெரியவே இல்லை.

சர்க்கரை பாதத்தை மரத்துப்போகச் செய்வது நமக்குத் தெரியும். கருவிழி நரம்புகளையும் அது அப்படியே மழுக்குகிறது. ஆபரேஷன் கீறல் இன்னும் சில நரம்புகளை அறுக்கிறது. கண் காய்வதை நரம்பு உணர்ந்தால்தான் கண்ணீர் ஊறும், இமை சிமிட்டும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 3 மாதத்துக்குள் சீராகும் இந்த உலர்வு, சர்க்கரைக்காரர்களுக்கு இழுத்துக்கொண்டு போகும். அதனால் உறுத்தலை வைத்து மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ இவர்களுக்குப் பொருந்தாது.

இப்போது புட்டிக்கு வருகிறேன். பதனப்பொருள்களில் பரவலானது பென்சல்கோனியம் குளோரைடு. சோப்பைப் போலக் கண்ணீர்ப் படலத்தின் எண்ணெயைக் கலைத்து, மேல்தோல் செல்களையும் அரிக்கும். ஒரு நாளைக்கு இரண்டொரு தடவை என்றால் பலர் தாங்குவார்கள். ஆனால் ஆபரேஷன் ஆனவர் ஏற்கெனவே ஸ்டீராய்டும், ஸ்டீராய்டு அல்லாத வீக்கம் தடுக்கும் சொட்டும் (NSAID) ஊற்றிக்கொண்டிருப்பார். அவற்றில் பலவற்றிலும் இதே பொருள் உண்டு. அதன்மேல் நான்கு வேளைக்கும் அதிகமாக இந்தப் புட்டிச் சொட்டையும் ஊற்றினால் மருந்தே புண்ணாக்கும். கண்ணில் பட்டதும் சிதைந்துபோகும் மென்மையான பதனப்பொருள் சேர்த்த புட்டிகளும் இருக்கின்றன. லேபிளைப் படித்து வாங்க வேண்டும்.

குப்பியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் செலவு அதிகம். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. ஜனவரி விடியலில் விறைத்த விரலால் அந்தக் குட்டி முனையைத் திருகுவது வயதானவர்களுக்குப் பெரிய பாடு. மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்தும் வைக்கக்கூடாது. பதனப்பொருள் இல்லாமலே வால்வு வைத்து வரும் புட்டியும் உண்டு, அழுத்தத்தான் கொஞ்சம் பலம் வேண்டும்.

என் தீர்ப்பு: சர்க்கரை இருந்தால், முதல் 3 மாதமாவது குப்பிதான். பனிக்காற்றும் விறகடுப்புப் புகையும் சேர்ந்த மலை வீட்டில் இன்னும் கட்டாயம். காலையில் நான் திருகிக் கொடுக்கிறேன். ஒரு சொட்டு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் 5 நிமிஷம் விடுகிறோம். ராத்திரிக்கு ஜெல், பார்வை மங்கும் என்பதால் பாயில் படுத்தபிறகுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மிஞ்சிய வீக்கம் தடுக்கும் சொட்டை எரிச்சலுக்கு என்று எடுத்து ஊற்றாதீர்கள். சர்க்கரையால் நொந்த கருவிழியை அது அரிதாகக் கரைத்தேவிடும். ஸ்டீராய்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ, வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

அம்மாவின் இடது கண்ணைப் பனி போனபிறகு பார்க்கலாம் என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறோம். இந்தத் தடவை ஆபரேஷனுக்கு முன்பே சாயச் சோதனை.