சாரலுக்கு முன் சாமான் குறைப்பு: மூன்று முறைகள், மூன்று வீடுகள்

செங்கோட்டையில் அம்மா தனியாக வாழும் எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில், சென்ற ஆண்டு எண்ணிப் பார்த்தபோது, 17 எவர்சில்வர் தூக்குவாளிகள் இருந்தன. அன்றாடம் பால் வாங்கப் பயன்படுவது அவற்றில் ஒன்றுதான். மற்ற 16-ம் ஏதோவொரு விசேஷத்தில் வந்தவை. கொடுத்தவர் பெயரும் தேதியும் மூடியில் வெட்டப்பட்டவை. சாமான்களைக் குறைத்து எளிமையாக வாழ வேண்டும் என்னும் பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. ஆனால் அதற்கெனச் சொல்லப்படும் முறைகளில் எது இப்படிப்பட்ட பழைய வீட்டுக்குப் பொருந்தும், எது வாடகை வீட்டுக்குப் பொருந்தும் என்று பிரித்துச் சொல்பவர்கள் குறைவு. தென்காசியில் என் வாடகை வீடு, கொல்லத்தில் அக்காவின் அடுக்குமாடிக் குடியிருப்பு, செங்கோட்டையில் அம்மாவின் வீடு ஆகிய மூன்றிலும் மூன்று முறைகளைச் செய்து பார்த்ததில் கண்டவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலாவது, ஜப்பானைச் சேர்ந்த மாரி கோண்டோ பரப்பிய கோன்மாரி முறை. இதில் அறை அறையாக ஒதுங்க வைப்பதில்லை. வகை வகையாகச் செய்ய வேண்டும். துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியாக நினைவுப் பொருள் என்பது வரிசை. ஒரு வகையைச் சேர்ந்த அனைத்தையும் வீட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் எடுத்து ஓரிடத்தில் குவித்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது மனத்துக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுக்கொண்டு, தருவதை வைத்துக்கொள்ள வேண்டும். மற்றதை நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். இம்முறையின் பலமே அந்தக் குவியல்தான். அக்கா தன் புடவைகளை இரண்டு பீரோக்களிலிருந்தும் கட்டிலடிப் பெட்டியிலிருந்தும் எடுத்து நடுக்கூடத்தில் போட்டபோது, ஏறக்குறைய ஒரே சந்தன நிறத்தில் ஐந்து பருத்திப் புடவைகள் தன்னிடம் இருப்பதை அன்றுதான் கண்டாள். துணியைப் பொறுத்தவரை இதை மிஞ்சும் முறை இல்லை என்றே சொல்வேன். உடுத்துபவரும் தீர்மானிப்பவரும் அங்கே ஒருவரே.

சமையலறைக்கு வந்தால் இந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. கோன்மாரி வரிசையில் பாத்திரம் சில்லறைச் சாமானில் அடங்கும். எங்கள் பக்கத்திலோ பாத்திரமே நினைவுப் பொருள், அதுவே சீர், அதுவே சொத்து, சில குடும்பங்களில் அதுவே நீதிமன்ற வழக்கு. அம்மாவின் வீட்டு அரங்கில், அதாவது சாமான் வைக்கும் உள்ளறையில், ஒரு செம்புத் தவலை இருக்கிறது. ஆச்சி சீராகக் கொண்டுவந்த அதில் சித்தப்பா வீட்டாருக்கும் உரிமை உண்டு என்பது எழுதப்படாத ஏற்பாடு. அதைக் கையில் எடுத்து மகிழ்ச்சி தருகிறதா என்று அம்மா தனியாகக் கேட்டுக்கொள்வதில் பொருளில்லை; கேட்கப்பட வேண்டியவர்கள் நான்கு ஊர்களில் இருக்கிறார்கள். காகிதத்தில் இம்முறை இன்னும் ஆபத்தானது. பெரும்பாலான காகிதங்களைக் கழித்துவிடலாம் என்பது அதன் போக்கு. செங்கோட்டையோ திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். எங்கள் தகரப்பெட்டியில் திருவிதாங்கூர் முத்திரைத்தாளில் எழுதிய மூலப்பத்திரம் கிடக்கிறது. அதைப் பார்த்து யாருக்கும் மகிழ்ச்சி பிறந்ததில்லை. ஆனால் வீட்டை வைத்துக் கடன் கேட்டாலும் விற்றாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான். மூன்றாவது குழந்தைக்குப் பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதை ஓரளவு விட்டுவிட்டதாக மாரி கோண்டோவே 2023-இல் சொன்னதைப் படித்தபோது, அவர்மீது எனக்கு மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை.

இரண்டாவது முறை, அமெரிக்காவில் இரு நண்பர்கள் விளையாட்டாகப் பரப்பியது. முதல் நாள் ஒரு பொருள், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என முப்பதாம் நாள் 30 பொருள்களைக் கழிக்க வேண்டும், கூட்டினால் 465. அன்றன்று எடுத்த பொருள் அன்று நள்ளிரவுக்குள் வீட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. தென்காசி வீட்டில் நானும் மனைவியும் இதைத் தொடங்கினோம். முதல் பத்து நாள் உண்மையாகவே உற்சாகமாக இருந்தது. மூடியில்லாத டப்பா, டப்பாவில்லாத மூடி, இல்லாத கைப்பேசிகளின் சார்ஜர்கள் எல்லாம் போயின. பதினெட்டாம் நாள் வாக்கில் எண்ணிக்கையை நிரப்புவதற்காக எழுதாத பேனாக்களைத் தனித்தனியே எண்ணிக்கொண்டிருந்தோம். சாமான் குறைவதைவிடக் கணக்கு நிறைவதே நோக்கமாகிவிட்ட அந்த இடத்தில் விளையாட்டு முடிந்துவிட்டது. நள்ளிரவு விதியும் எங்கள் தெருவுக்குப் பொருந்தவில்லை. ஒலிபெருக்கியோடு வரும் பழைய இரும்பு வண்டி வாரத்துக்கு ஒரு முறைதான் வரும், அதுவரை எல்லாம் கதவுக்குப் பின்னால் சாக்கில் நின்றது. ஆனாலும் வாடகை வீட்டில் வாழும் சிறு குடும்பத்துக்கு, அதிலும் வீடு மாறப்போகிறவர்களுக்கு, முதல் பதினைந்து நாளோடு நிறுத்திக்கொள்வதானால் இதைப் பரிந்துரைப்பேன். அதற்குள்ளேயே 120 பொருள்கள் வெளியேறியிருக்கும்.

மூன்றாவது, பெட்டி கட்டும் முறை. சந்தேகமான பொருள்களைப் பெட்டியில் இட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி வைத்துவிட வேண்டும்; ஆறு மாதமோ ஓராண்டோ திறக்கத் தேவை வரவில்லையென்றால் உள்ளிருப்பது தேவையில்லாதது என்று முடிவுகட்டலாம். இன்றே பிரிய வேண்டும் என்ற நெருக்கடி இல்லாததால் அம்மா முதலில் ஒப்புக்கொண்டது இதற்குத்தான். நாங்கள் செய்த பிழை காலத்தில். வைகாசிக் கடைசியில் அட்டைப்பெட்டிகளில் கட்டி மச்சில் ஏற்றினோம். அடுத்த வாரமே சாரல் தொடங்கியது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நுழையும் எங்கள் ஊரில் ஆனி, ஆடி இரண்டு மாதமும் சுவரே வியர்க்கும். அது ஓய்ந்து ஐப்பசியில் வடகிழக்கு மழை. மார்கழியில் பெட்டிகளை இறக்கியபோது, அட்டை ஊறிக் குழைந்திருந்தது. துணிகளில் பூஞ்சை, இரண்டு பெட்டிகளில் கறையான். தேவையா இல்லையா என்ற கேள்வியைச் சாரலே தீர்த்துவைத்திருந்தது. ஆனால் அது பிரித்துப் பார்த்துத் தீர்க்கவில்லை. மேற்கத்திய நாட்டு உலர்ந்த நிலவறைகளுக்கும் கூடங்களுக்கும் எழுதப்பட்ட ஆறு மாதக் கெடுவை மலையடிவாரத்தில் அப்படியே பின்பற்றக் கூடாது என்பதை இரண்டு நல்ல ஜமுக்காளங்களை இழந்து கற்றோம்.

அந்தக் கெடுவுக்கு இன்னொரு குறையும் உண்டு. நம் வீட்டுப் பொருள்களில் பாதி ஆண்டுக்கு ஒரு முறை வேலை செய்பவை. முறுக்கு நாழி தீபாவளிக்கு, அகல்விளக்குகள் கார்த்திகைக்கு, கொலுப்படி நவராத்திரிக்கு. ஆறு மாதம் திறக்கவில்லை என்பதற்காக முறுக்கு நாழியைக் கழித்தால், ஐப்பசியில் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வருவோம்.

இந்த மூன்றையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நம்மிடமும் ஒரு முறை இருந்ததே என்பது அம்மா சொல்லித்தான் உறைத்தது. எங்கள் ஊர்ப்பக்கம் வடமாவட்டங்களைப் போலப் போகிக்குக் கொளுத்துவது பெரிதல்ல; பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதுதான் பெரிது. வெள்ளையடிக்க வேண்டுமானால் தார்சா என்னும் முன்கூடத்திலிருந்து அடுக்களை வரை அத்தனை சாமானும் முற்றத்துக்கு வந்தாக வேண்டும். கோன்மாரி கேட்கும் குவியல் அதுவே. மார்கழிக் கடைசி வெயிலில் அவை காய்கின்றன, தெருவில் போவோர் கண்ணில் படுகின்றன, "இதை எனக்குத் தாருங்களேன்" என்று கேட்க ஆள் கிடைக்கிறது. சுண்ணாம்பு போய் ஐந்து ஆண்டு உழைக்கும் பெயிண்ட் வந்ததும், ஆண்டுதோறும் நடந்த அந்தக் கழிப்பு ஐந்து ஆண்டுக்கு ஒன்றாகிவிட்டது. தூக்குவாளிகள் பெருகியதற்கு இது ஒரு காரணம். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்த காலத்தில் தெருவுக்கே ஓடிய அண்டாவும் கங்காளமும், மண்டபத்துக்குச் சமையல் ஒப்பந்தக்காரர் தம் பாத்திரங்களோடு வந்துவிடுவதால் வேலையற்று நிற்பது இன்னொரு காரணம்.

கேரளத்திலும் இதற்கு இணையான நாள் உண்டு. நம் ஆடிக்கு நேரான கர்க்கடகம் பிறப்பதற்கு முந்திய நாள், குறிப்பாக வடகேரள வீடுகளில், வீட்டைக் கழுவித் துடைத்து, தேய்ந்த துடைப்பத்தையும் கிழிந்த முறத்தையும் பிற கழிவுகளையும் வெளியே கொண்டுபோய்ப் போட்டு, சேட்டையை அனுப்பிச் சீவோதியை அழைக்கிறார்கள். சேட்டை நம் பழந்தமிழில் மூதேவிக்கு உள்ள பெயரே. சீவோதி என்பது ஸ்ரீபகவதி. பட்டாம்பிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அக்காவின் அடுத்த வீட்டில் இருப்பதால், கொல்லத்திலும் அவளுக்கு இந்த நாள் பழக்கமாகிவிட்டது. ஆனால் பொருளைக் காயவைக்கும் வெயில் அப்போது கிடையாது என்பதால், என் கணக்கில் தைக்கு முந்திய நாள்களே மேல்.

எந்த முறையைப் பிடித்தாலும், எடுத்த பொருள் எங்கே போகும் என்பதே காரியத்தை முடிக்கவோ முடக்கவோ செய்கிறது. இதில் மூன்று ஊரும் மூன்று விதம். கொல்லத்தில், வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரிதகர்மசேனைப் பெண்கள் மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு வாசலிலேயே கழுவிக் காய்ந்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறார்கள். மீதியை ஆக்ரிக்கடை என்னும் பழைய சாமான் கடை எடுத்துக்கொள்ளும். தென்காசியில் இரும்பும் பிளாஸ்டிக்கும் எளிதில் போகும், உடுத்திய துணிதான் போகாது. நல்ல நிலையில் இருந்தாலும் கொடுக்கத் தயக்கம், வாங்கவும் தயக்கம். செங்கோட்டையில் பித்தளைக்கும் செம்புக்கும் பாத்திரக்கடை இருக்கிறது. ஆனால் பழையதைப் போட்டால் புதியதை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்; இரண்டு குத்துப்போணி போய் ஒரு நான்ஸ்டிக் தவா வீட்டுக்குள் வரும். பணமாகக் கேட்டபோது எடைக்குச் சற்றுக் குறைத்தே தந்தார்கள். நாங்கள் பணமாகவே வாங்கினோம். ஒன்றை மட்டும் எந்த ஊரிலும் யாரும் வாங்குவதில்லை. அது கல்யாண வீட்டுத் தாம்பூலப்பை. பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019-இலும் கேரளத்தில் 2020-இலும் தடை வந்தபின், மூன்று வீடுகளிலும் கொத்துக்கொத்தாகத் தொங்குவது இதுதான்.

குப்பை எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதை இந்தப் பக்கத்தார் அறிவார்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவு, பசுமைத் தீர்ப்பாய உத்தரவின்பேரில் லாரிகளில் திரும்ப அள்ளிச் செல்லப்பட்டது. வீட்டுச் சாமானை அந்த அளவில் ஒப்பிட முடியாது என்றாலும், மாநில எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டி அக்கா வீட்டு உடைசலை அம்மா வீட்டு மச்சுக்குக் கொண்டுவந்த பழக்கத்தை நாங்களும் அதோடு நிறுத்தினோம்.

என் தீர்ப்பு இது. தனியாகவோ இருவராகவோ வாழ்பவர்கள் துணிக்குக் கோன்மாரியையும், சில்லறைச் சாமானுக்கு எண்ணிக்கை விளையாட்டின் முதல் பாதியையும் எடுத்துக்கொள்ளலாம். பலருக்குப் பங்குள்ள பழைய வீட்டுக்குப் பெட்டிமுறையே ஏற்றது. ஆனால் மூன்று திருத்தங்களோடு. தை பிறக்குமுன் எல்லாவற்றையும் முற்றத்தில் எடுத்துக் காயவைத்தபின் கட்ட வேண்டும். அட்டைக்குப் பதில் தகரப்பெட்டி வேண்டும். வைகாசி முடியுமுன், பங்குள்ளவர்களை வரவழைத்து அவர்கள் முன்னிலையில் திறந்து முடிவெடுக்க வேண்டும். விசேஷச் சாமானும் பத்திரங்களும் இதில் சேரக் கூடாது. அவற்றுக்குத் தனி அலமாரி.

இந்த ஆண்டு அப்படித்தான் கட்டினோம். தூக்குவாளிகளில் ஒன்பதை, மூடியில் பெயர் வெட்டியவர்களின் வீடுகளுக்கே அம்மா பண்டம் போட்டுக் கொடுத்தனுப்பினாள். அவற்றில் இரண்டு, வேறு பண்டத்தோடு திரும்பி வந்துவிட்டன. செம்புத் தவலை ஆறாம் பெட்டியில் இருக்கிறது. சித்தப்பா வைகாசி விசாகத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.