கூகிள் டேட்டா அனலிட்டிக்ஸ் சான்றிதழ்: கடை நடத்துபவருக்கு எவ்வளவு உதவும்?

இணையவழிக் கல்வித்தளமான கோசேராவில் கூகிள் 2021 மார்ச்சில் வெளியிட்ட, தரவுப் பகுப்பாய்வு கற்பிக்கும் பாடநெறித் தொடர் இது. வந்தபோது 8 பாடநெறிகள். கிழமைக்கு 10 மணித்தியாலம் ஒதுக்கினால் ஆறு மாதத்தில் முடிக்கலாம் என்பது கூகிள் போட்ட கணக்கு. கல்முனையிலோ காத்தான்குடியிலோ மட்டக்களப்பு நகரிலோ கடை வைத்துக்கொண்டு, இதில் சேரலாமா என்று யோசிப்பவருக்கு ஒரே பதில்தான்: முதல் ஐந்தைப் படியுங்கள், மிச்சத்தைத் தயங்காமல் விடுங்கள். இது வேலை தேடும் ஆளுக்காக ஆக்கப்பட்டது, முதலாளிக்காக அல்ல.

காசுக்குப் பெறுமதியான இடம் இரண்டாவது பாடநெறி. கேள்வியை எப்படிக் கேட்பது என்பதே அதன் விஷயம். "வியாபாரம் ஏன் விழுந்தது?" என்று கேட்டால் எந்தக் கணினியும் பதில் சொல்லாது. "போன நோன்புப் பெருநாளுக்கு முந்திய 30 நாளில், 3,000 ரூபாய்க்கு மேற்பட்ட சாறிகளில் எத்தனை விற்றன, எத்தனை தேங்கின?" என்று கேட்டால் பில் தரவிலேயே பதில் இருக்கிறது. அடுத்த கொள்வனவையும் அதை வைத்தே தீர்மானிக்கலாம்.

நான்காவது பாடநெறி தரவைச் சுத்தம் செய்வது பற்றியது. அமெரிக்க உதாரணங்களை வைத்து நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் நமது பக்கத்துக் கோப்புகளில் வரும் வில்லங்கங்கள் வேறு. பழைய பொருள் பட்டியல் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி இருந்தால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டிய "சம்பா"வோடு அது ஒருநாளும் பொருந்தாது. இரு பட்டியல்களைப் பொருத்தும் எக்செல் சூத்திரமான வீலுக்அப் போட்டுப் பயனில்லை, முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பில்லிங் மென்பொருள் தரும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் குப்பையாக வருவதுண்டு. எக்செலின் டேட்டா மெனுவில் "ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி" வழியாகப் போய், கோப்பின் மூலத்தை 65001 யூடிஎஃப்-8 என்று தெரிவு செய்தால் சரியாகிவிடும்.

திகதிதான் மெல்லக் கொல்லும் விஷம். அமெரிக்க அமைப்பில் ஓடும் கணினி 03/04/2025 என்பதை மார்ச் 4 ஆக எடுத்துக்கொள்ளும். 25 என்று ஒரு மாதம் இல்லாததால் 25/04/2025 என்பதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆகவே மாதத்தின் முதல் 12 நாள்கள் இடம் மாறிக் கிடக்கும், மற்றவை கூட்டுத்தொகையிலேயே சேராது. நிரலில் சில திகதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நோய். எக்செலுக்குள் தரவை ஏற்றி ஒழுங்குபடுத்தும் கருவியான பவர் குவெரியில் "யூசிங் லோக்கேல்" என்பதைத் திறந்து, திகதி வகையையும் ஐக்கிய இராச்சிய ஆங்கிலத்தையும் தெரிவு செய்தால் தீரும்.

ஐந்தாவதில் தரவை வகை வாரியாகக் கூட்டிக் காட்டும் பிவட் டேபிளும், தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லும் வருகின்றன. பிவட் போதும். பொருள் வாரியாக இலாபம் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கழிவை (விலைத் தள்ளுபடியை) பில்லின் மொத்தத்தில் போடும் மென்பொருள்கள் அதைப் பொருளுக்குப் பொருள் பிரிப்பதில்லை. பிரிக்காமல் பார்த்தால் எல்லாச் சரக்கும் கொழுத்த இலாபம் தருவதுபோலத் தெரியும். பில்லுக்குள் ஒவ்வொரு பொருளின் பெறுமதி விகிதப்படி கழிவைப் பங்கிட்ட பிறகே பிவட் போடுங்கள்.

பாடநெறி தொடாத இடங்களில்தான் இங்கே பெரிய பிழைகள் நடக்கும். 2024இல் நோன்புப் பெருநாள் ஏப்ரலில் வந்தது, 2025இல் மார்ச் கடைசியில். மருதமுனைச் சாறன் விற்பவர் இரண்டு ஏப்ரலையும் பக்கத்தில் வைத்தால் கடை படுத்துவிட்டதென்றே நினைப்பார். பெருநாள் வருடத்துக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், திகதி அட்டவணையில் "பெருநாளுக்கு இன்னும் எத்தனை நாள்" என்று ஒரு நிரல் வைத்து அதன்படி ஒப்பிட வேண்டும். 2022ஐத் தாண்டி ஒப்பிடும்போது ரூபாயை நம்பாதீர்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ரூபாயில் ஏறிய விற்பனை எண்ணிக்கையில் இறங்கியிருக்கலாம்.

சம்மாந்துறைப் பக்கம் நெல் வாங்கும் மில்காரருக்கும் இதே கதைதான். ஈரப்பதனைப் பதியாமல் விலையை மட்டும் ஒப்பிடுவது வீண் வேலை. 20 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ வாங்கி 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் கையில் நிற்பது 930 கிலோ (1,000 × 80 ÷ 86). கிலோ 110 ரூபாய்க்கு வாங்கியது உண்மையில் 118 ரூபாய்க்கு மேல் விழுகிறது. ஏற்கெனவே 14 சதவீதத்தில் இருக்கும் நெல்லை 115க்குத் தருபவரே மலிவு. ஒவ்வொரு கொள்வனவிலும் எடை, விலை, ஈரப்பதன் என்று மூன்று நிரல் இருந்தால் பெரும்போகம் முடியும்போது யாரிடம் வாங்குவது என்ற கேள்வி தானாகத் தீரும்.

ஆறாவது முதல் எட்டாவது வரை தரவை வரைபடமாக்கும் டாப்லோ, புள்ளிவிவர நிரலாக்கத்துக்கான ஆர் மொழி, இறுதிச் செயற்திட்டம். ஆர் அழகான மொழிதான், ஒரு பலசரக்குக் கடைக்கு அது தேவையே இல்லை. இறுதியில் தரப்படும் பயிற்சிகளில் ஒன்று சிக்காகோவின் வாடகைச் சைக்கிள் பயணங்கள். ஓராண்டுத் தரவு 50 இலட்சம் வரிகளைத் தாண்டும். எக்செலின் ஒரு தாள் 10,48,576 வரிகளோடு நின்றுவிடும். இலவசக் கணக்கில் ஓடும் ஆர் தளமும் நினைவகம் போதாமல் திணறும். அதில் மல்லுக்கட்டும் நேரத்தை உங்கள் கடையின் ஒரு வருட பில்களில் செலவழியுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. எஸ்கியூஎல் எழுதிப் பார்க்க உதவும் கூகிளின் தரவுத்தளச் சேவையான பிக்குவெரியின் இலவச சாண்ட்பொக்ஸில் (பரீட்சார்த்தக் கணக்கில்) ஏற்றும் அட்டவணைகள் 60 நாளில் அழிந்துவிடும், மூலக் கோப்பைக் கைவசம் வையுங்கள். டாப்லோவின் இலவசப் பதிப்பான டாப்லோ பப்ளிக்கில் பதிவேற்றுவது பொதுவெளிக்குப் போகிறது. கடன் கொப்பியில் உள்ள வாடிக்கையாளர் பெயர்களை அங்கே ஏற்றுவதைப்போல மடத்தனம் வேறில்லை.

கட்டணம் மாதச் சந்தா, ஆகவே மெதுவாகப் படித்தால் அதிகம் செலவாகும். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிட்ட வங்கி அட்டை வேண்டும். நிதியுதவி கேட்பவர் பாடநெறிக்கு ஒன்றாக விண்ணப்பிக்க வேண்டும், முடிவு வர இரண்டு கிழமைக்கு மேலும் ஆகலாம். விளக்கம் ஆங்கிலத்தில், பயிற்சிக்குக் கைபேசி போதாது, மடிக்கணினி வேண்டும். ஆங்கிலம் சிரமமென்றால் கணக்கு எழுதும் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, இரண்டாவது பாடநெறியை மட்டும் நீங்களும் கூட இருந்து பாருங்கள். எதைக் கேட்பது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.