ஒன்றா, மூன்றா, ஐந்தா? அடைமழைக்கு முன் ஜெனரேட்டர் வாங்குபவர்களுக்கு

2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அதன்பிறகு பாம்பன், மண்டபம் பக்கம் ஐப்பசி நெருங்கினாலே ஜெனரேட்டர் பேச்சு வந்துவிடுகிறது. வீட்டுக்கென்று கேட்டால் கடையில் பெரும்பாலும் 1, 3, 5 கே.வி.ஏ. (ஜெனரேட்டர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதன் அளவு) என்று மூன்று அளவுகளைக் காட்டுவார்கள். எத்தனை அறை, எத்தனை ஃபேன் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் தண்ணீர் மோட்டார் எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) என்று முதலில் பாருங்கள்.

காரணம் இதுதான். மூன்று ஃபேன், எட்டு எல்.இ.டி. பல்பு, டி.வி., போன் சார்ஜர், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்தாலும் ஓடும்போது 650 வாட் அளவுதான் வரும். ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இழுக்கும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசரும் அப்படித்தான். இன்னொன்று: கே.வி.ஏ.வை அப்படியே கிலோவாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 0.8 ஆல் பெருக்கிப் பாருங்கள், 3 கே.வி.ஏ. என்றால் 2,400 வாட்தான்.

தங்கச்சிமடத்தில் என் அக்கா வீட்டில் முதலில் 1 கே.வி.ஏ.தான் வாங்கினார்கள். கையில் தூக்கிப் போகலாம், மணிக்கு அரை லிட்டர் பெட்ரோல் போதும். ஃபேனும் லைட்டும் நன்றாக ஓடின. ஃபிரிட்ஜ் கிளம்பிய போதெல்லாம் நின்றுபோனது. மாமாவுக்கு இன்சுலின் அந்த ஃபிரிட்ஜில் இருந்தது. அக்கா அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. வெறும் ஃபேன், லைட் மட்டும் போதும் என்றால் நான் 1 கே.வி.ஏ.வைச் சொல்லவே மாட்டேன், 150 ஏ.எச். பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் போடுங்கள். சத்தமில்லை, புகையில்லை. சிக்கனமாக ஓட்டினால் ஓர் இரவு தாங்கும்.

3 கே.வி.ஏ. நம் கரைக்குப் பொருத்தமானது என்பது என் முடிவு. ராமேசுவரம் தீவில் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் ஆழமில்லாமலே கிடைக்கிறது. குழாய்த் தண்ணீரை சம்ப்பில் பிடித்து மேலே ஏற்றுபவர்களும் உண்டு. இரண்டுக்குமே அரை எச்.பி. மோனோபிளாக் (தரைமேல் வைக்கும் மோட்டார் பம்பு) போதும். அது கிளம்ப 1,800 வாட் பிடிக்கும். ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு மோட்டாரைப் போட்டு, டேங்க் நிரம்பியதும் மறுபடி ஃபிரிட்ஜைப் போட்டால் எல்லாமே ஓடும். மணிக்கு ஒரு லிட்டருக்குள் பெட்ரோல் ஆகும். தண்ணீர் ஏறினால் இரண்டு பேர் தூக்கி உயரமான இடத்தில் வைத்துவிடலாம். போன வருடம் எனக்கு அதுதான் பெரிய உதவியாக இருந்தது.

5 கே.வி.ஏ. யாருக்கு? கரையிலிருந்து உள்ளே தள்ளி ஆழமாக போர் போட்டு 1 எச்.பி. சப்மெர்சிபிள் இறக்கியவர்களுக்கும், பழைய மாடல் ஏ.சி. இல்லாமல் முடியாதவர்களுக்கும். (மோட்டார் த்ரீ பேஸ் என்றால் இந்த மூன்றுமே உதவாது.) மற்றவர்களுக்கு வீண் செலவு. பாதிச் சுமையில் ஓடினாலும் மணிக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கும். புயல் நேரத்தில் பங்க்கிலும் கரண்ட் இருக்காது, பெட்ரோலுக்கு எங்கே போவது? டீசல் செட் என்றால் இன்னும் மோசம். எப்போதும் குறைந்த சுமையிலேயே ஓட்டினால் சைலன்சர்வரை கரி பிடித்துவிடும்.

எதை வாங்கினாலும் உப்புக்காற்று விடாது. கடலைப் பார்த்த பக்கம் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை சுமையோடு கால் மணி நேரம் ஓட்டுங்கள். அடுத்த மழைக்காலம்வரை ஓட்டப்போவதில்லை என்றால் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

மழைக்குப் பயந்து வராந்தாவிலோ ஜன்னலுக்கு அடியிலோ வைப்பது உயிருக்கே ஆபத்து. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது. வெளியே தள்ளி, மேலே ஒரு தகரக் கூரை போட்டு வையுங்கள். அப்புறம், பிளக்கில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது. எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைன் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைப்பது) போடுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் வீட்டு 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி ஏறி, லைனில் 11,000 வோல்ட்டாகப் பாயும். அந்த நேரத்தில் கம்பத்தில் ஏறி, அறுந்த கம்பியை ஒரு லைன்மேன் இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பார்.