வீட்டு மீடியா சர்வர்: பிளெக்ஸா, ஜெல்லிஃபினா?

ஒரு டிவி, இரண்டு போன், ஒரு டேப்லெட். சேமித்து வைத்த படங்களும் குடும்ப வீடியோக்களும் எல்லாவற்றிலும் ஓட வேண்டும். டிவியில் பாதியில் நிறுத்தியதைப் போனில் அதே இடத்திலிருந்து தொடரவும் வேண்டும். இதற்காகச் சில வழிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜெல்லிஃபினில் நிலைத்துவிட்டேன். ஒரு கணினியில் உள்ள வீடியோக்களை வீட்டின் மற்ற சாதனங்களுக்கு அனுப்பும் மீடியா சர்வர் மென்பொருள் அது.

ரவுட்டரில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, வீட்டு நெட்வொர்க்கில் வீடியோவைப் பகிரும் டிஎல்என்ஏ (DLNA) வசதியை ஆன் செய்வது சுலபம்தான். ஆனால் எங்கே நிறுத்தினோம் என்பது ஒரு சாதனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகாது. கோடி (Kodi) என்ற பிளேயர் ஆப் ஒற்றை டிவிக்கு அருமை. பல சாதனங்களுக்குப் பொதுவாக்க டேட்டாபேஸ் அமைக்க வேண்டும். அந்த உழைப்புக்குப் பேசாமல் சர்வரே போட்டுவிடலாம்.

ஆக, சர்வர் என்றால் போட்டி பிளெக்ஸுக்கும் ஜெல்லிஃபினுக்கும்தான். பிளெக்ஸை நிறுவுவது எளிது, டிவி ஆப் நேர்த்தியாக இருக்கும். 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற இன்னொரு மீடியா சர்வர் தன் மூலநிரலை மூடியபோது அதிலிருந்து பிரிந்து வந்தது ஜெல்லிஃபின். எல்லா வசதியும் இலவசம்.

என்னை முடிவெடுக்க வைத்தது டிரான்ஸ்கோடிங், அதாவது சாதனத்துக்கு ஏற்றபடி சர்வர் வீடியோவை உடனுக்குடன் மாற்றி அனுப்புவது. ஒருநாள் இரவு அம்மா படம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை தடையில்லாமல் ஓடிய படம், சப்டைட்டிலை ஆன் செய்ததும் பத்து வினாடி ஓடும், நிற்கும், வட்டம் சுற்றும். மேசையில் சர்வராக ஓடிய பழைய லேப்டாப்பின் விசிறி இரைந்தது. சப்டைட்டிலை அணைத்தேன், அடங்கிவிட்டது. காரணம் பிடிபட்டது அப்போதுதான். ப்ளூ-ரேயிலிருந்து வரும் பிஜிஎஸ் (PGS) வகை சப்டைட்டில் எழுத்து அல்ல, படம். அதைக் காட்டத் தெரியாத ஆப்புக்காக, சர்வர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதை ஒட்டி வீடியோவையே புதிதாக என்கோட் செய்கிறது. சிபியு மட்டும் அந்தச் சுமையை இழுத்தால் திணறத்தான் செய்யும்.

இன்டெல் சிப்பில் வீடியோ வேலைக்கென்றே இருக்கும் குவிக் சிங்க் என்ற பகுதி இதைச் சுலபமாகச் செய்துவிடும். ஜெல்லிஃபின் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுத்தேன், அதே படம் சப்டைட்டிலோடு நிற்காமல் ஓடியது. பிளெக்ஸில் இதே வசதிக்கு பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டணத் திட்டம் வாங்க வேண்டும். அப்புறம், முடிந்தவரை எஸ்ஆர்டி (SRT) வகை சப்டைட்டிலையே வைத்துக்கொள்ளுங்கள். அது வெறும் எழுத்து என்பதால் பெரும்பாலும் இந்த வேலையே வராது. சர்வருக்குக் கணினி தேடுபவர்கள் ஏழாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்கு மேல் பாருங்கள், 10-பிட் எச்.265 என்ற புதிய வகை வீடியோவையும் சமாளிக்கும். ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறு கணினியின் சிப்பில் வீடியோ என்கோடரே கிடையாது, டிரான்ஸ்கோடிங்குக்கு வேண்டாம்.

ஜெல்லிஃபினில் குறையும் உண்டு. பிளெக்ஸ் அளவுக்கு எல்லா டிவிகளுக்கும் ஆப் எளிதில் கிடைக்காது. உங்கள் டிவியின் ஸ்டோரில் தேடிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வெளியூரிலிருந்து பார்ப்பதில் எனக்கு அனுபவம் குறைவு. வீட்டு நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் வழியாக இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன், சரியாகவே ஓடியது. அந்த விபிஎன்னை நாமேதான் அமைக்க வேண்டும். பிளெக்ஸில் அந்தச் சிரமம் இல்லை, ஆனால் 2025 ஏப்ரல் முதல் வெளியிலிருந்து நம் சொந்த வீடியோவைப் பார்க்கவும் சந்தா கேட்கிறார்கள்.